ஈயமில்லாத பெட்ரோலும் பழைய கார் இன்ஜினும்: ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

பெங்களூரில் பழைய அம்பாசிடரோ பத்மினியோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ வாங்கிய நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஹெட்டை இறக்கி வால்வு சீட் போட்டுவிடட்டுமா?" என்பதுதான். சிலிண்டர்களை மேலே மூடும் பகுதிதான் ஹெட்; அதில் வால்வு வந்து அமரும் இடம்தான் சீட். ஈயம் கலந்த பெட்ரோலை மனத்தில் வைத்து வடிவமைத்த இன்ஜின் இன்றைய பெட்ரோலில் பாழாகிவிடும் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்த அச்சத்தில் உண்மை உண்டு. ஆனால் எல்லா இன்ஜினுக்கும் எல்லா ஓட்டத்துக்கும் அது பொருந்தாது. அல்சூரில் 1489 சிசி அம்பாசிடர் ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்து ஓட்டிவருபவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: இடைவெளியை அளக்க உதவும் ஒரு ஃபீலர் கேஜும் ஒரு நோட்டுப் புத்தகமும் "சீட் தேய்கிறது" என்று காட்டும் வரை ஹெட்டில் கை வைக்காதீர்கள். வால்வைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு. அந்தச் சூட்டைக் குறைக்கும் வேலைகள் அனைத்தையும் ஹெட்டைக் கழற்றாமலே செய்துவிடலாம்.

ஈயம் செய்துகொண்டிருந்த வேலை

1921ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் டேட்டன் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி டெட்ரா எத்தில் ஈயத்தைப் பெட்ரோலில் சேர்த்துப் பார்த்தபோது, இன்ஜின் தட்டும் சத்தம் நின்றது. 1923இல் அது விற்பனைக்கு வந்தது. நாக்கிங் எனப்படும் அந்தத் தட்டலைத் தடுப்பதுதான் அதன் நோக்கம். வால்வு சீட்டைக் காப்பாற்றியது உடன் கிடைத்த பயன்.

வார்ப்பிரும்பு ஹெட்டில் சீட்டு தனி வளையமாக இல்லாமல் ஹெட்டின் உலோகத்திலேயே கடையப்பட்டிருக்கும். எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு செஞ்சூட்டில் அந்தச் சீட்டின்மேல் நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் வந்து அமரும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவில் இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொண்டு, வால்வு எழும்போது சீட்டிலிருந்து துகள்களைப் பிய்த்துக்கொண்டு வருகின்றன. அந்தத் துகள்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து கடினமான இரும்பு ஆக்சைடாகி, உப்புத்தாள் போலச் சீட்டை மேலும் அராவுகின்றன. ஈயம் எரிந்தபின் தங்கிய சேர்மங்கள் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மெல்லிய படலமாகப் படிந்து இந்த ஒட்டுதலைத் தடுத்துவந்தன. படலம் இல்லாதபோது வால்வு சிறிது சிறிதாக ஹெட்டுக்குள் புதைந்துபோகிறது. இன்லெட் வால்வை உள்ளே வரும் புதிய காற்று-பெட்ரோல் கலவை குளிர்விப்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

இந்தியாவில் ஈயமில்லாத பெட்ரோல் 1995 ஏப்ரல் 1 அன்று நான்கு பெருநகரங்களுக்கு வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் பெங்களூர் உட்பட நாடு முழுவதும் அது மட்டுமே விற்கப்பட்டது. அதற்கு ஓராண்டுக்கு முன், 1999 பிப்ரவரியில், ஈய நச்சைத் தடுப்பது குறித்த பன்னாட்டு மாநாடு ஒன்று நடந்ததும் நம் பெங்களூரில்தான். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஒரு பொருள் நம் தெருக்காற்றிலிருந்து நீங்கியதில், பழைய கார் வைத்திருப்பவர்களான நாமும் மனமார மகிழ வேண்டும் என்றே நினைக்கிறேன். நம் இன்ஜினை அதற்கேற்பப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

காந்தம் சொல்லும் முதல் பதில்

ஒரு சிறு காந்தத்தை எடுத்து ஹெட்டின் பக்கவாட்டில், பிளக்குகளுக்கு அருகே, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது அலுமினிய ஹெட். அலுமினியத்தின்மேல் வால்வு நேரடியாக அமர முடியாது என்பதால், அதில் தொழிற்சாலையிலேயே தனி சீட் வளையங்கள் பதிக்கப்பட்டிருக்கும். ஃபியட் 1100, அதன் வழிவந்த பிரீமியர் பத்மினி ஆகியவை இந்த வகை. பத்மினிக்காரர்கள் ஈயம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஹெட்டை இறக்க வேண்டிய தேவை அநேகமாக இல்லை.

காந்தம் பற்றிக்கொண்டால் வார்ப்பிரும்பு. 1489 சிசி அம்பாசிடர், சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, மோரிஸ் மைனர் ஆகியவை இதில் அடங்கும். கவனம் தேவைப்படுவது இவற்றுக்குத்தான். அப்போதும் ஓட்டும் முறையைப் பொறுத்தே தேய்மானம் அமையும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பன் பூங்காவைச் சுற்றிவிட்டுத் திரும்பும் வண்டியில் சீட் தேய்வது மிகக் குறைவு. நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில், அதாவது அம்பாசிடரில் ஏறத்தாழ 3,000 ஆர்பிஎம்மில், நான்கு பேரும் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு மணிக்கணக்காக ஓடும் வண்டியில்தான் அது விரைவாக நடக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய, தாழ்ந்த கம்ப்ரஷன் கொண்ட, மெதுவாக ஓடும் வண்டிகளைப் பற்றி இந்த விஷயத்தில் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

டேப்பட் கேப்பை எழுதிவைப்பது

வால்வு ஹெட்டுக்குள் புதையும்போது அதன் தண்டு மேலே எழும்புகிறது. எனவே வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் தண்டுக்கும் இடையிலான டேப்பட் கேப் குறையும். சீட் தேய்மானத்தை ஹெட்டைத் திறக்காமல் அளப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. செலவு ஒரு டேப்பட் கவர் கேஸ்கெட் மட்டுமே.

முதலில் ஹெட் நட்டுகளை, கையேட்டில் உள்ள வரிசையிலும் முறுக்கு அளவிலும், டார்க் ரென்ச் கொண்டு ஒருமுறை சரிபாருங்கள். புதிய கேஸ்கெட் போட்ட வண்டியில் கேஸ்கெட் அமுங்கினாலும் கேப் குறையும் என்பதால், இதைச் செய்யாமல் கணக்கைத் தொடங்கினால் சீட் தேய்வதாகத் தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். அடுத்து ராக்கரின் முனையை விரலால் தடவிப் பாருங்கள். வால்வுத் தண்டு இடித்து இடித்து அங்கே ஒரு குழி விழுந்திருந்தால், ஃபீலர் கேஜின் தகடு அந்தக் குழியின் இரு கரைகளிலும் பாலம் போலக் கிடக்கும், உண்மையான கேப் அதைவிடக் கூடுதலாக இருக்கும். குழி விழுந்த ராக்கரை வைத்துக்கொண்டு எடுக்கும் அளவு எதற்கும் பயன்படாது.

அம்பாசிடரின் பி-சீரிஸ் இன்ஜினில் ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணினால் 1, 4, 5, 8 ஆகியவை எக்ஸாஸ்ட், 2, 3, 6, 7 ஆகியவை இன்லெட். எந்த வால்வை அளக்க வேண்டுமோ அதன் எண்ணை 9இலிருந்து கழித்து, வரும் எண்ணுள்ள வால்வு முழுதாகத் திறந்திருக்கும் நிலைக்கு இன்ஜினைச் சுழற்றுங்கள். 8ஆம் வால்வு திறந்திருக்கும்போது 1ஐயும், 4 திறந்திருக்கும்போது 5ஐயும் அளக்க வேண்டும். கையேடு சூடான இன்ஜினுக்கான அளவைத் தந்திருந்தால், ஒவ்வொரு முறையும் அதே சூட்டில் அளக்க வேண்டும். கையேட்டு அளவுக்கு எல்லாவற்றையும் சரிசெய்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி, பிறகு 500, 1,500, 3,000 கி.மீ. என்று அளந்து, திருகாமல் வெறும் அளவை மட்டும் குறித்துவாருங்கள்.

அந்த எண்கள் பேசத் தொடங்கும். இன்லெட் நான்கும் அசையாமல் நிற்க, எக்ஸாஸ்ட் நான்கும் 1,500 கி.மீ.க்கு 2 தவ்வுக்கு (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது என்று கொள்ளலாம். ஒன்று மட்டும் குறைந்தால் அந்த ஒரு வால்வோ அதன் தண்டைத் தாங்கும் கைடோ பழுது. நடுவில் அடுத்தடுத்து இருக்கும் 4, 5 இரண்டும் பக்கத்துச் சூட்டையும் தாங்குபவை என்பதால் அவற்றைக் கூடுதலாகக் கவனியுங்கள். என் நோட்டில் 5ஆம் வால்வு மட்டும் எப்போதும் மற்றவற்றுக்கு அரைத் தவ் முந்திக்கொண்டு குறையும். கேப் முற்றிலும் மூடிவிட்டால் வால்வு சீட்டில் முழுதாக அமராது. அமராத வால்வுக்குத் தன் சூட்டை ஹெட்டுக்குள் கடத்த வழியில்லாததால், அதன் விளிம்பு எரிந்துபோகும். ஆகவே அளவு குறைந்தால் நேரத்தில் திருகிச் சரிசெய்வதே இன்ஜினைக் காப்பாற்றும் முதல் வேலை.

சூட்டைக் குறைப்பது

இன்றைய சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண், அதாவது தட்டாமல் எரியும் திறனின் அளவு, ஈயம் இருந்த காலத்துச் சாதாரண இந்திய பெட்ரோலைவிடக் கூடுதல். கம்ப்ரஷன் விகிதம் 8க்குள் உள்ள இன்ஜினுக்கு ஆக்டேனைப் பற்றிய கவலையே தேவையில்லை. ஆனாலும் "அன்லெடட் பெட்ரோலில் தட்டும்" என்று அஞ்சி, பல மெக்கானிக்குகள் பிளக்கில் பொறி விழும் டைமிங்கை அளவுக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளிவைக்கிறார்கள். டைமிங் பின்தங்கினால் கலவை தாமதமாக எரிந்து, எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டே வெளியேறுகிறது. ஈயமில்லாத பெட்ரோலுக்காகச் செய்த மாற்றமே எக்ஸாஸ்ட் வால்வைச் சுட்டெரிக்கிறது.

எனவே பாயின்ட் கேப்பைச் சரிசெய்து, கையேட்டில் சொன்ன இடத்தில் டைமிங்கை வைத்துத் தொடங்குங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி, நாவால் அடைத்துப் பிடியுங்கள். உள்ளே தட்டு நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். உடனே திரும்பிவிட்டால் டயாபிரம் கிழிந்திருக்கிறது. பிறகு இன்ஜின் நன்றாகச் சூடேறியதும், ஓர் ஏற்றத்தில் டாப் கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஓரிரு நொடி சில்லறை குலுங்குவது போல மெல்லிய சத்தம் கேட்டு, வேகம் ஏறியதும் மறைந்தால் டைமிங் சரி. சத்தம் நீடித்தால் 2 டிகிரி பின்னுக்குத் தள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பெங்களூர்க்காரர்கள் இங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவு, இன்ஜின் எளிதில் தட்டாது. கார்புரேட்டரில் கலவையும் சற்றுக் கெட்டியாகவே, அதாவது பெட்ரோல் மிகுந்தே, இருக்கும். இங்கே காதுக்கு இனிமையாக ஓடும் வண்டி கிருஷ்ணகிரியைத் தாண்டி வேலூர், சென்னை என்று இறங்க இறங்க, காற்று அடர்ந்து, கலவை நீர்த்து, தட்டத் தொடங்கும். ஊருக்குப் போக வண்டியை எடுப்பவர்கள் கலவையைப் பெங்களூரில் சிக்கனமாக வைக்காமல், ஒரு சிட்டிகை கெட்டியாகவே வைத்துக்கொண்டு புறப்படுவது நல்லது. மே மாதத்தில் சென்னைக்கு ஓட்டிக்கொண்டு போனபோதுதான் இது எனக்கு விளங்கியது. பெங்களூரில் ஒரு குறையும் சொல்லாத இன்ஜின், ஆம்பூரைத் தாண்டியதும் சிறு மேட்டுக்குக்கூடத் தட்டியது. திரும்பி வந்து அளந்தபோது எக்ஸாஸ்ட் கேப் நான்கும் ஒரே பயணத்தில் குறைந்திருந்தன.

கலவை நீர்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஈயம் இருந்த காலத்தில் நெடுந்தூரம் ஓடிய வண்டியின் புகைக்குழாய் முனை வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்கள் இன்றைய கருத்த குழாயைக் கண்டதும் "பெட்ரோல் அதிகம் போகிறது" என்று முடிவுகட்டி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சிறிதாக்கிவிடுகின்றன. ஈயமில்லாத பெட்ரோலில் கருமை இயல்பானது. மேனிஃபோல்டு கேஸ்கெட் வழியே காற்று கசிகிறதா என்பதையும் பாருங்கள்: இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அந்த இணைப்பில் தண்ணீரைத் தெளித்தால், கசிவு இருக்கும் இடத்தில் ஓட்டம் மாறும்.

பெட்ரோலில் எதைக் கலப்பது

சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ், மாங்கனீசு ஆகியவற்றில் ஒன்றை அடிப்படையாகக் கொண்ட வால்வு சீட் பாதுகாப்புத் திரவங்கள் வெளிநாடுகளில் விற்கின்றன. 1999இல் பிரிட்டனின் பழைய வாகனக் கழகங்களின் கூட்டமைப்பு இப்படிப்பட்ட திரவங்களை, மோரிஸ் மைனரில் இருக்கும் ஏ-சீரிஸ் வகை இன்ஜினில் ஓட்டிச் சோதித்து, தேறியவற்றை அறிவித்தது. நீண்ட நெடுஞ்சாலைப் பயணங்களுக்கு இவை பயன்படும். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இரண்டையும் ஒரே டேங்கில் கலக்க வேண்டாம். 2டி ஆயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றுவதில் பயன் இல்லை. அவை ஆக்டேனைக் குறைத்துத் தட்டலை வரவழைக்கும். ஜக்கூர் விமானத்தளத்தைச் சுட்டிக்காட்டி விமானப் பெட்ரோல் கிடைக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. 100எல்எல் எனப்படும் அந்த எரிபொருளில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். தெருவில் நிற்கும் பிள்ளைகளின் மூச்சுக்குள் அதை அனுப்ப எந்தக் காரும் தகுதியுடையதல்ல.

சீட் போட்டே ஆக வேண்டும் என்றால்

நோட்டுப் புத்தகம் தெளிவாகச் சொன்னபின், அல்லது வேறு காரணத்துக்காக ஹெட் இறங்கியிருக்கும்போது, எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு மட்டும் கடினப்படுத்திய சீட் வளையங்களைப் பதித்தால் போதும். ஹெட்டைச் சுரண்டும்போது உள்ளே படிந்திருக்கும் பழைய கரியில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகச் சுரண்டாமலும் காற்றடித்து ஊதாமலும், மண்ணெண்ணெயில் நனைத்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து துடைத்தெடுங்கள்.

நான் முதல்முறை இந்த வேலையைக் கொடுத்தபோது, தேவை இருக்கிறதா என்று அளக்கவே இல்லை. ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி ஹெட்டைக் கொடுத்தேன். வளையத்துக்கான குழியை ஆழமாகக் கடைந்ததில் நடுப் போர்ட்டில் (புகை வெளியேறும் வழியில்) தண்ணீர் ஓடும் அறையைத் துளைத்துவிட்டார்கள். நன்றாக இருந்த ஹெட் ஒன்று அன்றோடு போனது. வேறொரு ஹெட்டைத் தேடி ஜே.சி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கிய அந்த நாட்களின் விளைவுதான் இந்தக் கட்டுரை. ஆகையால் உங்கள் மாடல் ஹெட்டை முன்பே கடைந்த அனுபவம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். எவ்வளவு ஆழம் கடையப்போகிறார், வளையத்துக்கும் குழிக்கும் இடையே எத்தனை தவ் இறுக்கம் வைக்கப்போகிறார் என்று கேளுங்கள். வளையத்தைக் குளிரவைத்து, ஹெட்டைச் சூடேற்றிப் பதிப்பவர்தான் முறையாகச் செய்பவர். வால்வு கைடு ஆடினால் அதையும் மாற்றுங்கள். ஆடும் கைடில் வால்வு கோணலாக அமர்வதால் புதிய சீட்டும் விரைவில் கெடும்.

ஹெட் திரும்பி வந்ததும் வால்வுகளையும் பிளக்குகளையும் பூட்டி, கவிழ்த்துவைத்து, எரியும் அறைகளில் மண்ணெண்ணெய் நிரப்பி, டார்ச் அடித்துப் போர்ட்டுகளுக்குள் பாருங்கள். கால் மணி நேரத்தில் போர்ட்டின் உட்சுவர் ஈரமானால் அந்த வால்வை மீண்டும் லேப்பிங் செய்யச் (சீட்டோடு சேர்த்துத் தேய்த்துப் பொருத்தச்) சொல்லுங்கள்.

எத்தனால்: இன்றைய பெரிய கேள்வி

2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் நடந்த எரிசக்தி மாநாட்டில்தான் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானது. இன்று பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது அதுதான். பழைய வண்டிகளுக்கு ஈயம் போனதைவிட இதையே பெரிய மாற்றமாக நான் கருதுகிறேன்.

எத்தனாலுக்குள் ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் கலவை 7 முதல் 8 விழுக்காடு நீர்க்கிறது. நீர்த்த கலவை வால்வைச் சூடாக்கும் என்பதால், ஜெட்டின் பரப்பை அந்த அளவு கூட்ட வேண்டும். விட்டத்தில் அது ஏறத்தாழ 4 விழுக்காடு வரும். சோலெக்ஸ் கார்புரேட்டரில் மெயின் ஜெட் 120 என்றால் 125 போட்டுப் பாருங்கள். பழைய ரப்பர் குழாய்கள், பெட்ரோல் பம்ப் டயாபிரம், கார்க் மிதவை ஆகியவற்றை எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய், வைட்டான் டயாபிரம் என்று கேட்டு வாங்குங்கள். டேங்கின் அடியில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடும் கரைந்து வரும். முதல் இரண்டு டேங்க் வரை ஃபில்டரை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

எத்தனால் இல்லை என்று சொல்லி விற்கப்படும் 100 ஆக்டேன் பெட்ரோலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள், அதை வீட்டிலேயே சோதிக்கலாம். 100 மில்லி அளவுக் குவளையில் 10 மில்லி வரை தண்ணீர் ஊற்றி, 100 வரை பெட்ரோல் நிரப்பி, திறந்தவெளியில், நெருப்புக்கு வெகு தொலைவில், மூடிக் குலுக்கி, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். எத்தனால் பெட்ரோலைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். அடியில் உள்ள படலம் 10இலேயே நின்றால் எத்தனால் இல்லை. 28ஐ நெருங்கினால் 20 விழுக்காடு கலந்திருக்கிறது.

இதே காரணத்தால், மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியின் டேங்கில் ஈரம் சேர்ந்தால், அதுவும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கி டேங்கை அரிக்கும். நிறுத்துவதற்கு முன் எத்தனால் இல்லாத பெட்ரோலைக் கழுத்து வரை நிரப்பி வையுங்கள். அது கிடைக்காவிட்டால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் முழுதாக வடித்துவிடுங்கள். வடிக்கும்போது குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள், கைப்பம்பைப் பயன்படுத்துங்கள். ஈயமில்லாத பெட்ரோலில் பென்சீன் போன்ற நச்சுப் பொருள்கள் உண்டு. மீண்டும் வண்டியை எடுக்கும் நாளில், சுய்ச்சைப் போடுவதற்கு முன் டேப்பட் கவரைக் கழற்றி எட்டு வால்வுகளையும் ஒருமுறை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டு, அதன்பின் இன்ஜினைக் கிளப்புங்கள். கையேட்டு அளவு சூடான இன்ஜினுக்கானது என்றால், சூடேறியதும் மீண்டும் அளந்து அதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.